மெய்நிகர் காட்சியின் துணையோடு வாய்மொழி வரலாறு திரட்டுவது எப்படி?

ஒரு சமூகத்தின் வாய்மொழி வரலாற்றைத் திரட்ட ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையாகக் கேட்கும் மனமும் போதும் என்பதே இத்துறையின் நீண்டகால அனுபவம். 1948-இல் ஆலன் நெவின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கென நிலையான திட்டம் ஒன்றைத் தொடங்கிய நாள் முதல் அதன் அடிப்படை மாறவில்லை: ஒருவர் கேட்கிறார், ஒருவர் சொல்கிறார், சொன்னது பத்திரப்படுத்தப்படுகிறது. அப்படியிருக்க, விஆர் எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. இடத்தை இழந்த சமூகங்களிடம்தான் அதற்கு வேலை இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர், இடிக்கப்பட்ட ஆலைக் குடியிருப்பு, போரில் தரைமட்டமான தெரு ஆகியவற்றில் வாழ்ந்தவர்களை அங்கே அழைத்துச் சென்று, “இங்கே என்ன இருந்தது?” என்று கேட்க இன்று வழியில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஓர் இடத்தைத் தற்காலிகமாக உருவாக்கிக் கொடுப்பதுதான், தலையில் மாட்டிக்கொண்டால் சுற்றிலும் முப்பரிமாணக் காட்சியைக் காட்டும் ஹெட்செட்டின் பணி.

பலரும் இதைத் தலைகீழாக எண்ணுகிறார்கள். கதைகளை எல்லாம் திரட்டி முடித்தபின் அவற்றை அழகிய காட்சியாக்கி மக்களுக்குக் காட்டுவதே விஆரின் பயன் என்று கருதுகிறார்கள். அப்படிப்பட்ட முயற்சிகளும் உண்டு. இனப்படுகொலைச் சாட்சியங்களைத் திரட்டிவரும் யுஎஸ்சி ஷோவா ஃபவுண்டேஷன் 2017-இல் வெளியிட்ட விஆர் சாட்சியத்தில், நாஜி இனப்படுகொலையில் உயிர் தப்பிய பின்ஹாஸ் குட்டர் மைதானெக் வதைமுகாமுக்கு மீண்டும் சென்று பேசுவதைப் பார்வையாளர் அருகில் நின்று கேட்க முடிகிறது. அது வெளியிடும் பணி. இந்த வழிகாட்டி திரட்டும் பணியைப் பற்றியது. இரண்டுக்கும் தேவைப்படும் காட்சிகள் வெவ்வேறானவை. வெளியீட்டுக்கு முழுமையும் மெருகும் வேண்டும். திரட்டலுக்கோ காட்சி பாதி முடிந்ததாக, கரடுமுரடாக இருப்பதே நல்லது. முழுமையாகத் தோன்றும் ஒன்றை யாரும் திருத்த முன்வருவதில்லை. குறையுள்ளதைக் கண்டால் வாய் திறக்காமல் இருப்பவர்களும் அரிது. பின்வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

இடம் நினைவுக்குத் தரும் உதவியும் இழைக்கும் கேடும்

ஒரு செய்தியை எந்தச் சூழலில் மனத்தில் பதித்தோமோ, அச்சூழலின் அடையாளங்கள் மீண்டும் கிடைக்கும்போது அது எளிதில் நினைவுக்கு வரும் என்பதை உளவியலாளர்கள் எண்டெல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973-இல் எடுத்துரைத்தார்கள். 1975-இல் கோடனும் பேடலியும் முக்குளிப்போரைக் கொண்டு நடத்திய சோதனையில், நீருக்கடியில் கேட்ட சொற்கள் கரையில் இருந்தபோது நினைவுக்கு வந்ததைவிட நீருக்கடியிலேயே கூடுதலாக நினைவுக்கு வந்தன. 2021-இல் வெளியான மறுசோதனையில் அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே ஹெட்செட்டை மாட்டியவுடன் மறந்ததெல்லாம் திரும்பிவிடும் என்று எவருக்கும் உறுதி அளிக்காதீர்கள்.

விஆர் உறுதியாகத் தருவது பேச்சுக்கு ஒரு புதிய வரிசை. “உங்கள் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால், குடும்பத்தாரிடம் பலமுறை சொல்லி மெருகேறிய நான்கைந்து கதைகளே வரும். தெருமுனையில் நின்று இடப்பக்கம் திரும்பும் ஒருவருக்கோ, முதல் வீட்டில் இருந்தது யார், அவர்கள் ஏன் வீட்டை விற்றார்கள், மழைநீர் எந்த வழியாக ஓடியது, இருட்டிய பிறகு எந்தத் திண்ணையைக் கடக்கப் பயந்தார்கள் என்று, எவரும் இதுவரை கேட்டிராத செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சமூக வரலாற்றுக்கு இவைதாம் பெறுமதியானவை.

கேடும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படம் பார்த்தவர்களுள் சிலரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகத்தில் வந்தன என்றும், வேறு சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்தில் வந்தன என்றும் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, வன்மையான சொல்லால் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இருக்கவே இல்லை. ஒரு வினைச்சொல்லுக்கே நினைவை மாற்றும் ஆற்றல் உண்டென்றால், கண்ணெதிரே ஆளுயரத்தில் நிற்கும் ஒரு வீட்டுக்கு எவ்வளவு இருக்கும்? நீங்கள் ஊகித்து வைத்த சன்னல், அடுத்த ஆண்டு அதைப் பார்த்தவரின் சொந்த நினைவாகவே மாறியிருக்கக்கூடும்.

இதற்குக் காப்பு ஒன்றுதான், அதில் விலக்கே கிடையாது. ஒவ்வொருவரிடமும் முதல் நேர்காணலை ஹெட்செட் இல்லாமல், காட்சி எதையும் காட்டாமல், முழுமையாக நடத்திப் பதிவு செய்துவிடுங்கள். விஆர் அமர்வு அதற்குப் பின்னரே வர வேண்டும். அப்போதுதான் எந்தச் செய்தி அவரிடம் முன்பே இருந்தது, எது காட்சியைப் பார்த்தபின் எழுந்தது என்பதைப் பிற்கால ஆய்வாளரால் பிரித்தறிய முடியும்.

இடத்தைத் தேர்வதும் சான்றுகளைச் சேர்ப்பதும்

முழு ஊரையும் உருவாக்க முயலாதீர்கள். ஒரு தெரு, ஒரு முற்றம், ஆலை வாசலும் அதன் எதிர்வரிசையும் என்ற அளவு போதும். எந்த இடம் என்பதை நீங்கள் தீர்மானிக்காமல், முதல் நேர்காணல்களின் முடிவில், “மீண்டும் ஒருமுறை போய் நிற்கலாம் என்றால் எங்கே நிற்பீர்கள்?” என்று கேளுங்கள். பலரும் குறிப்பிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கவே விரும்பாத இடங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் பிறகு மிகவும் பயன்படும்.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் வெள்ளைத்தாளைக் கொடுத்து அந்த இடத்தின் வரைபடத்தைத் தனித்தனியே வரையச் சொல்ல வேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. வரையத் தெரியாது என்று தயங்குபவரிடம், கோடு நேராக இருக்க வேண்டியதில்லை, எதற்கு அடுத்து எது என்பது மட்டும் போதும் என்று சொல்லுங்கள். வரையும்போது அவர் பேசுவதையும் பதிவு செய்யுங்கள். கை ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத் தயங்கி நிற்கும் இடங்களில் கதை இருக்கும்.

எழுத்துச் சான்றுகளும் படச் சான்றுகளும் இதற்கு இணையாகச் சேர வேண்டும். நில அளவை வரைபடங்கள், பழைய வான்படங்கள், கட்டட அனுமதிக் கோப்புகள், பள்ளிப் பதிவேடுகள் முதலியவற்றைத் தேடுங்கள். பலர் அறியாத ஓர் ஊற்று, அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள். இரகசியக் காப்பிலிருந்து 1995-இல் விடுவிக்கப்பட்ட இவை 8,60,000-க்கும் மேற்பட்டவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையத் தளத்தில் இடத்தைக் குறித்துத் தேடலாம். 1970-களுக்குப் பின் எழுந்த அணைகளில் மூழ்கிய பல ஊர்களின் தெருக்களை இப்படங்களில் பார்க்க முடியும்.

குடும்பப் புகைப்படங்களைப் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். திருமணப் படத்தின் ஓரத்தில் தெரியும் கதவு, பள்ளிக் குழுப்படத்தின் பின்னால் உள்ள சுவர், சாய்த்து வைக்கப்பட்ட ஒரு மிதிவண்டி ஆகியவை அளவெடுக்க உதவும். 28 அங்குலச் சக்கரத்தின் வெளி விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அதைக் கொண்டே பின்னால் உள்ள வாசலின் உயரத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

காட்சியை உருவாக்குதல்

இடம் இன்னும் நிற்கிறதென்றால் 360 பாகைக் கேமராவே போதும். காணொளியைவிட நிழற்படமாக எடுப்பதே மேல். 5.7கே எனப்படும் காணொளியில் கிடைமட்டமாக 5,760 புள்ளிகள் இருக்கின்றன. அவற்றை 360 பாகைக்கும் பங்கிட்டால் ஒரு பாகைக்கு 16 புள்ளிகளே கிடைக்கும். இயல்பான பார்வை உள்ள கண் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 60 வரை பிரித்தறியும் என்பதால், தொலைவில் உள்ள பெயர்ப்பலகையும் முகமும் மங்கித்தான் தெரியும். இப்படிப்பட்ட கேமராக்களில் நிழற்படத்தின் துல்லியம் பெரும்பாலும் காணொளியைவிடக் கூடுதலாக இருக்கும். கேமராவின் உயரமும் முக்கியம். பார்ப்பவர் நாற்காலியில் அமர்ந்திருக்கப் போகிறார் என்பதால் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் வையுங்கள். அதைவிட உயர்த்தினால் மிதப்பது போன்ற உணர்வு வரும்.

இடிபாடாவது எஞ்சியிருக்கிறதென்றால் ஃபோட்டோகிராமெட்ரி முறையில், அதாவது பல கோணப் புகைப்படங்களைக் கோத்து, முப்பரிமாண வடிவம் பெறலாம். அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு வரை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, நிழல் கனக்காத மேகமூட்டமான வேளையில், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து எடுக்க வேண்டும். மெஷ்ரூம், கோல்மேப் ஆகிய மென்பொருள்கள் இலவசமானவை. காட்சியை எண்ணற்ற மங்கலான வண்ணப் புள்ளிகளால் அமைக்கும், 2023 முதல் பரவிவரும் காஸியன் ஸ்ப்ளாட்டிங் முறை கண்ணைக் கவரும் காட்சிகளைத் தருகிறது என்றாலும் இந்தப் பணிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். “இந்தச் சுவர் இரண்டு அடி பின்னால் இருந்தது” என்று ஒருவர் சொன்னால் சுவரை உடனே நகர்த்திக் காட்ட வேண்டும். அம்முறையில் அது எளிதன்று.

ஒன்றுமே எஞ்சவில்லை என்றால் பிளெண்டர் போன்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் கையால் கட்ட வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இந்த நிலையில்தான் இருக்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. சாம்பல் நிறப் பெட்டிகளாக வீடுகள், ஒரு தரை, ஒரு வானம் என்று தொடங்குங்கள். சான்று உள்ளவற்றுக்கு மட்டும் நிறமும் மேற்பரப்பும் கொடுங்கள். ஊகமாக வைத்தவற்றை வெற்று வெள்ளையாகவே விடுங்கள். பண்பாட்டு மரபுகளைக் கணினியில் காட்சிப்படுத்துவோருக்காக 2006-இல் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம், எது சான்று, எது ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றும், ஒவ்வொரு முடிவும் ஏன் எடுக்கப்பட்டது என்பதைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. ஒரு சாதாரணக் குறிப்பேடே இதற்குப் போதும்: காட்சியின் பதிப்பு எண், தேதி, என்ன மாற்றப்பட்டது, யார் சொன்னதன் பேரில், அவருடைய ஒலிப்பதிவில் எந்த நிமிடத்தில் அது வருகிறது.

காட்சியில் மனித உருவங்களை வைக்காதீர்கள். அசைவற்றுச் சிரிக்கும் கணினிப் பொம்மை ஒன்று, இறந்துபோன அண்டை வீட்டுக்காரரின் இடத்தில் நிற்பதைக் காண யாரும் விரும்புவதில்லை. பின்னணி ஓசைகளையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஆலைச் சங்கு எப்படி ஒலித்தது என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டிய நேரத்தில் நீங்கள் முந்திக்கொண்டு ஒலிக்கவிட்டால் அந்தப் பதில் போயிற்று. பொருள்கள் குறைவாக இருப்பதில் தொழில்நுட்ப நன்மையும் உண்டு: காட்சி தடையின்றி நொடிக்கு 72 படச்சட்டங்களுக்குக் (ஃபிரேம்) குறையாமல் ஓடும், படச்சட்ட எண்ணிக்கை சரிந்து காட்சி தடுமாறுவது குமட்டலுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒப்புதல்

ஒரே தாளில் ஒரே கையொப்பம் இங்கே போதாது. ஒலிப்பதிவைக் காப்பகத்தில் வைப்பது, எழுத்துப்படியை வெளியிடுவது, அவர் சொன்னதன் பேரில் வீட்டின் வடிவத்தைக் காட்சியில் சேர்ப்பது, அவருடைய குரலைக் காட்சிக்குள் ஒலிக்கச் செய்வது, அவர் குரலையோ உருவத்தையோ செயற்கை நுண்ணறிவால் போலி செய்யக் கூடாது என்ற தடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று பதில் பெறுங்கள். காட்சி என்றால் என்ன என்று அறியாத ஒருவர் அதற்கு அளிக்கும் ஒப்புதலுக்குப் பொருள் குறைவு என்பதால், விஆர் தொடர்பான கேள்விகளை அமர்வு முடிந்தபின் மறுபடியும் ஒருமுறை கேட்பது நேர்மையானது.

ஒரு வீட்டைப் பற்றி ஒருவர் சொல்லலாம், ஆனால் அது பலருடைய வீடு. தனிமனித ஒப்புதலோடு சமூகத்தின் ஒப்புதலையும் கருத வேண்டும் என்பதையே பழங்குடி மக்களின் தரவுரிமைக்காக 2019-இல் வெளியிடப்பட்ட கேர் நெறிகள் சொல்கின்றன: கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். சமூகத்தார் சிலரைக் கொண்ட ஒரு சிறு குழுவை முதலிலேயே அமைத்து, எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற இறுதி முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஹெட்செட்டும் தன் பங்குக்குத் தரவு திரட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம். அறையின் வடிவம், தலையசைவு, கையசைவு, சில கருவிகளில் விழியசைவு வரை அது அறியும். குழுவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, தரவுப் பகிர்வு அமைப்புகளை அணைத்து, இயன்றால் இணையத் தொடர்பைத் துண்டித்தே அமர்வை நடத்துங்கள்.

அமர்வு நாள்

மூன்று பேர் வேண்டும்: கேள்வி கேட்பவர், கருவியைக் கவனிப்பவர், சொல்பவர் நம்பும் ஓர் உறவினர் அல்லது நண்பர். கேட்பவரே கருவியையும் கவனித்தால் இரண்டும் கெடும். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத, சுழலக்கூடிய நாற்காலியை நடுவில் போட்டுச் சுற்றிலும் இடம் விடுங்கள். வலிப்பு நோய், தலைசுற்றல், அண்மையில் நடந்த கண் அறுவை, இதயத்தில் பேஸ்மேக்கர் ஆகியவை உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, உண்டென்றால் ஹெட்செட்டைத் தவிர்த்து மடிக்கணினித் திரையிலேயே காட்டுங்கள். அதனால் அமர்வின் பயன் பெரிதும் குறைந்துவிடாது.

தலையைத் தொடுமுன் அனுமதி கேளுங்கள். முதலில் உடன் வந்தவர் மாட்டிக்கொண்டு காட்டட்டும். மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு இடைவெளிச் சட்டம் பொருத்துங்கள். காது கேட்புக் கருவியைப் பட்டை அழுத்துகிறதா என்று பாருங்கள். விழிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப வில்லைகளைச் சரிசெய்யுங்கள். முகம் படும் பகுதியை ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க வேண்டும். வில்லைகளை மட்டும் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், திரவம் படக் கூடாது. காட்சிக்குள் நகர்வதற்கான கைப்பிடிக் கருவியை முதியவர் கையில் திணிக்காதீர்கள். எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும், கருவியைக் கவனிப்பவர் இடத்தை மாற்றட்டும். அந்த மாற்றம் நடந்து செல்வது போல் வழுக்கிக்கொண்டு போகாமல், திரை ஒரு கணம் இருண்டு அடுத்த இடத்தில் தெளிய வேண்டும்.

ஒலிப்பதிவை ஹெட்செட்டின் மைக்கை நம்பி விடக் கூடாது. சட்டையில் காலர் மைக் பொருத்தி, தனிப் பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூஏவி (WAV) என்ற சுருக்கப்படாத வடிவில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும், இன்றைய நினைவக அட்டைகளுக்கு இது ஒரு பொருட்டன்று. ஹெட்செட்டில் தெரியும் காட்சியை மடிக்கணினிக்கு அனுப்பி அதையும் காணொளியாகப் பதிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை உரக்கக் கைதட்டினால் பிறகு இரண்டு பதிவுகளையும் பொருத்துவது எளிது.

காட்சிப் பதிவு ஏன் வேண்டும் என்பது முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடும். கண் மறைந்த நிலையில் பேசுபவர் சுட்டுச் சொற்களாலேயே பேசுவார்: “இது இங்கே இல்லை, அந்தப் பக்கம்.” ஒலியை மட்டும் கேட்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே கேட்பவர் திரையைப் பார்த்தபடி, “கிணற்றுக்கு வலப்பக்கம் உள்ள கதவைச் சொல்கிறீர்களா, அம்மா? அது எந்தப் பக்கம் இருந்தது?” என்று சுட்டியதைச் சொல்லாக்கிக்கொண்டே வர வேண்டும். வழக்கமான நேர்காணலில் ஒலிப்பதிவு கெடாதிருக்க, நாம் ஓசையின்றித் தலையசைத்தே கேட்கிறோம் என்பதைக் காட்டிக்கொள்ளப் பழகியிருப்போம். இங்கே அந்தத் தலையசைப்பை அவரால் பார்க்க முடியாது. இருட்டில் தனியே பேசுவது போல் தோன்றி, இரண்டே நிமிடத்தில் பேச்சு வறண்டுவிடும். சிறிய ‘ம்’ ஒன்றை அவ்வப்போது கொடுங்கள். அவர் விரும்பினால், உடன் வந்தவர் அவருடைய கையைப் பற்றிக்கொண்டிருக்கலாம்.

கேள்விகளில் மிகப் பயனுள்ளது, “இதில் என்ன தப்பாக இருக்கிறது?” என்பதே. “இங்கேதானே பள்ளிக்கூடம் இருந்தது?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். என்ன இல்லை, எது மிகப் பெரிதாக இருக்கிறது, இந்த இடத்தில் எந்த நேரத்தில் யார் இருப்பார்கள், எந்த வழியாகப் போகக் கூடாது என்று சொல்லப்பட்டது எனக் கேளுங்கள். கருவியைக் கவனிப்பவரால் முடியுமானால் அவர் சொல்லச் சொல்லவே கதவை நகர்த்தட்டும். நகர்ந்ததும், “இன்னும் கொஞ்சம், அங்கே ஒரு படி இருந்தது, அந்தப் படியில்தான்…” என்று அடுத்த கதை தொடங்கும். நகர்த்துமுன் பழைய பதிப்பைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

கையால் கட்டிய காட்சியில் கண்மட்டத்தை மாற்ற முடியும் என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை. எட்டு வயதில் அந்த ஊரைவிட்டுப் போனவருக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கண்மட்டத்தை இறக்கிக் காட்டினால், மதில் சுவர் மறுபடியும் எட்டிப் பார்க்க முடியாததாகிவிடும். இதுவும் ஒருவகைத் தூண்டுதலே என்பதால் பெரியவரின் உயரத்தில் முதலில் காட்டிவிட்டு, பிறகு தாழ்த்தி, இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஹெட்செட் வேண்டாம். கழற்றியபின் பதிவை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடித்து, கண்களைத் துடைத்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தவுடன் வரும் பேச்சு பெரும்பாலும் உள்ளே இருந்தபோது பேசியதைவிட நீளமாகவும் தெளிவாகவும் இருக்கும். அதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

துயரம் நிகழ்ந்த இடங்களைக் குறித்து ஒரு வரம்பு: இடத்தைக் காட்டலாம், நிகழ்வைக் காட்டக் கூடாது. தீப்பிடிப்பதையோ வெள்ளம் ஏறுவதையோ உருவாக்கி, அதை அனுபவித்தவரின் கண்ணெதிரே ஓட்டுவதை எந்த ஆவணத் தேவையும் நியாயப்படுத்தாது. நிற்க விரும்பாத இடங்கள் என்று முன்பு குறித்த பட்டியலைக் கருவியைக் கவனிப்பவர் கையில் கொடுத்துவையுங்கள். “போதும்” என்ற ஒரு சொல்லுக்கே திரை வெளிறிவிட வேண்டும். மறுநாள் ஒருமுறை விசாரித்துப் பேசுங்கள்.

கூட்டாக அமர்தல்

தனி அமர்வுகள் முடிந்தபின் நான்கைந்து பேரை ஒன்றாக அழைத்து, ஒருவர் ஹெட்செட்டிலும் மற்றவர்கள் பெரிய திரையிலும் பார்க்கும்படி ஓர் அமர்வு நடத்துங்கள். திரையைப் பார்ப்பவர்களே அதிகம் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மைக் வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துப்படி எடுப்பவர் உங்களை மன்னிக்க மாட்டார். குரல் ஓங்கியவர் மற்றவர்களின் நினைவை விழுங்கிவிடும் அபாயம் இங்கே உண்டு. தனி அமர்வுகளை முதலில் முடிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

முரண்பாடுகளை என்ன செய்வது?

மரம் வாசலுக்கு இடப்பக்கம் என்கிறார் ஒருவர், வலப்பக்கம் என்கிறார் மற்றவர். பெரும்பான்மை வாக்கெடுத்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டு பதிப்புகளையும் வைத்து, மாற்றிப் பார்க்கும் வசதியைக் காட்சியிலேயே செய்யுங்கள். வான்படம் ஒருவரைச் சரி என்று காட்டினாலும் மற்றவர் சொன்னது குப்பையாகிவிடாது. இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற எஃகாலைத் தொழிலாளி 1949-இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறையின் கைகளில் உயிரிழந்தார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்றாளர் அலெசாந்த்ரோ போர்தெல்லி அந்நகர மக்களிடம் கேட்டபோது, அம்மரணம் 1953-இல் நடந்த ஆட்குறைப்பை எதிர்த்த தெருப் போராட்டங்களில் நிகழ்ந்ததாகப் பலர் சொன்னார்கள். போர்தெல்லி அதைத் திருத்தி விடாமல், தங்கள் தோழரின் சாவுக்குத் தங்கள் வாழ்வின் மிகப் பெரிய போராட்டத்தில் மக்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிழையையே வரலாற்றுச் செய்தியாக வாசித்தார். இடம் மாறிய மரத்துக்கும் இதுபோல் ஒரு காரணம் இருக்கலாம். ஏன் அங்கே என்று கேட்காமலே மரத்தை நகர்த்திவிட்டால் அது தெரியாமலே போகும்.

எழுத்துப்படியில் ஒவ்வொரு பகுதியும் விஆருக்கு முன்பா, உள்ளேயா, பின்பா என்பதையும், அப்போது கண்ணெதிரே இருந்த காட்சியின் பதிப்பு எண்ணையும் ஓரத்தில் குறியுங்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் வாய்மொழி வரலாற்று மையத்தில் உருவான ஓஎச்எம்எஸ் என்ற இலவசக் கருவி, எழுத்துப்படியையும் பொருளடைவையும் ஒலிப்பதிவின் நிமிடங்களோடு இணைக்க உதவும்.

பாதுகாத்தல்

விஆர் தளங்களின் ஆயுள் குறைவு. முப்பரிமாண வடிவங்களைச் சேமித்து வைத்த கூகுள் பாலி 2021-இலும், மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023-இலும், மொஸில்லா ஹப்ஸ் 2024-இலும் மூடப்பட்டன. எந்தத் தளத்திலும் உங்களுடைய ஒரே பிரதியை வைக்காதீர்கள். ஹெட்செட்டில் ஓடும் செயலி ஒருநாள் ஓடாமல் போகும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். நிலைக்க வேண்டியவை: மூல ஒலிப்பதிவுகள், எழுத்துப்படிகள், கைவரைபடங்களின் ஸ்கேன் படிகள், மூலப் புகைப்படங்கள், மாற்றக் குறிப்பேடு, அமர்வுகளின் திரைப்பதிவுகள், ஜிஎல்டிஎஃப் 2.0 (glTF) என்ற திறந்த முப்பரிமாணக் கோப்பு வடிவில் காட்சியின் ஒவ்வொரு பதிப்பும். ஜிஎல்டிஎஃப் 2022-இல் ஐஎஸ்ஓ பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. பொது உலாவியில் இயங்கும் வெப்எக்ஸ்ஆர் காட்சிகளுக்கும் அதுவே பொருந்தும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இங்கும் செல்லும். காட்சியே காணாமல் போனாலும் ஒலிப்பதிவும் குறிப்பேடும் இருந்தால் அதை மறுபடி கட்டிவிடலாம்.

யார் எதைப் பார்க்கலாம் என்ற வரம்புகளைக் காப்பகத்திலேயே அமைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதி வருமுங்கு மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட முகுர்ட்டு என்ற இலவச மென்பொருள் இத்தகைய வரம்புகளுக்கென்றே அமைந்தது: குடும்பத்தார் மட்டும் கேட்கத்தக்கவை, பெண்கள் மட்டும் காணத்தக்கவை, எல்லாருக்கும் உரியவை என்று சமூகமே பிரித்து வைக்க முடியும். ஹெட்செட்டுக்கான பொதுக்காட்சி ஒன்றைப் பின்னாளில் உருவாக்குவதானால் எல்லாருக்கும் உரிய பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். வெள்ளையாக விட்ட சுவர்களுக்கு அப்போதும் வண்ணம் பூச வேண்டாம். வெளியிடுமுன், அதில் குரல் தந்த ஒவ்வொருவரையும் அழைத்து முழுதாகக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் குறிப்பேட்டில் அடுத்த பதிப்பு எண்ணோடு ஏற்றிவிட்டு, அதன் பிறகே மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.